ரன்னிங் போர்டுக்குள் பங்குனி மாதப் பேப்பர்

ஐந்து மாதத்துக்கு முன் கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில், கார் வாங்கிய ஓர் ஆசிரியையின் கடிதம் இது. பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். டெல்டா பக்கம் ஒரு அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம் இதுதான்.

அப்பாவை மாதம் இருமுறை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால், கடந்த வைகாசியில் 2012 மாடல் டீசல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். விலை 2,90,000 ரூபாய். அதில் 2,30,000 வங்கி வழியாகக் கன்சல்டிங் உரிமையாளரின் கணக்குக்குப் போயிருக்கிறது. மீதி 60,000 ரொக்கம், அதற்கு ரசீது இல்லை. வாங்குவதற்கு முன் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அப்படியே எழுதியிருக்கிறார்: "சிங்கிள் ஓனர், நான்-ஆக்ஸிடென்ட், பாடி சுத்தமா இருக்கும், எஃப்.சி. 2027 வரைக்கும் இருக்கு மேடம்." (எஃப்.சி. என்பது வண்டியின் தகுதிச் சான்று.) டிராவல்ஸில் வண்டி ஓட்டும் சித்தப்பா மகன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து "இன்ஜின் ஓகே அக்கா" என்றிருக்கிறார். டெலிவரி நோட்டின் கடைசியில் பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி, நோ கேரண்டி" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள், தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது மழையில் டயர் பஞ்சர். பஞ்சர் கடைத் தம்பி ஜாக்கியை வைத்துச் சுற்றினார். ஜாக்கி ஏறியது, கார் ஏறவில்லை. கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டு அப்பளம்போல நொறுங்கி, பெயின்ட்டோடு பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) கட்டி கட்டியாக விழுந்தது. உள்ளே சுருட்டித் திணித்திருந்த நாளிதழ் தாள்கள் வெளியே வந்தன. "அதில் பங்குனி உத்திரத்துக்குப் பழனி சிறப்புப் பேருந்து செய்தி இருந்தது சார், எங்கள் கார் எங்களுக்கு முன்னாலேயே பழனி போய்வந்திருக்கிறது" என்று அந்த நிலையிலும் எழுதியிருக்கிறார்.

மறுநாள் மெக்கானிக் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தார். இரண்டு பக்க ரன்னிங் போர்டும் துருவில் போய், மேலே பட்டி மட்டும்தான் நிற்கிறது. பின்பக்க இடது சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பை மடக்கி, குறடால் நசுக்கி அடைத்திருக்கிறார்கள், அந்தச் சக்கரத்தில் பிரேக்கே இல்லை. ரேடியேட்டர் ஃபேனை இக்னிஷனிலிருந்து டைரக்டாகக் கொடுத்திருக்கிறார்கள். இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் கழற்றப்பட்டிருக்கிறது. ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூள். எல்லாம் சரிசெய்ய 80,000 ரூபாய்க்குக் குறையாது என்கிறார் மெக்கானிக். கன்சல்டிங்காரரோ, "நான் வெறும் இடைத்தரகர். ஆர்.சி. ஓனரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார். ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது.

டீச்சரின் கேள்விகள்: பேசாமல் சரிசெய்து ஓட்டுவதா? கணவர் சொல்வதுபோல, "நமக்கு வந்த மாதிரியே" இன்னொரு கன்சல்டிங்கில் தள்ளிவிடுவதா? போலீசில் புகார் கொடுப்பதா? கேஸ் போட்டால் நிற்குமா, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே?

டீச்சர்,

நீங்கள் விளையாட்டாக எழுதிய அந்தப் பழனி பஸ் வரிதான் உங்கள் கடிதத்திலேயே விலை மதிப்புள்ள வரி. அந்தப் பேப்பர் இப்போது எங்கே இருக்கிறது? குப்பையில் போட்டிருந்தால் இன்றே தேடுங்கள். பஞ்சர் கடையிலேயே விழுந்து கிடந்தால் அங்கே போய்ப் பாருங்கள். எஞ்சியது ரன்னிங் போர்டுக்குள் இன்னும் இருக்கும், அதில் கை வைக்காதீர்கள்.

ஏன் என்றால், ஒரு நாளிதழை அது அச்சாகும் முன் யாரும் எதற்குள்ளும் திணிக்க முடியாது. அது இந்த ஆண்டுப் பங்குனி உத்திரச் செய்தி என்றால், அந்த வேலை பங்குனிக்குப் பிறகு, நீங்கள் வாங்கிய வைகாசிக்கு முன் நடந்திருக்கிறது. இரண்டே மாத இடைவெளி. அந்த இரண்டு மாதமும் கார் யார் கையில் இருந்தது என்பதுதான் இந்த வழக்கு. ஆண்டு போட்ட மூலை கிழிந்திருந்தாலும் கவலை இல்லை. உத்திரம் ஆண்டுக்கு ஆண்டு வேறு ஆங்கிலத் தேதியில் வரும், தேதியும் கிழமையும் சேர்ந்தால் ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். பழைய ஆண்டுப் பேப்பர் என்று தெரியவந்தால் அது உங்களுக்கு அவ்வளவு உதவாது. அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஒட்டுவேலை எல்லாம் மோசடி ஆகாது

மெக்கானிக் சொன்ன எல்லாக் குறைகளையும் ஒரே தட்டில் வைத்து "இத்தனை மோசடி" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

என் அப்பாவிடம் ஓர் அம்பாசடர் இருந்தது. திண்டுக்கல் போகும் வழியில் கல் தட்டி பெட்ரோல் டேங்கில் ஓட்டை. டிரைவர் அண்ணன் பெட்டிக்கடையில் பார் சோப்பு ஒன்றை வாங்கி, தண்ணீர் படாமல் ஓட்டையில் அழுத்தித் தேய்த்து அடைத்தார். திண்டுக்கல் வரை சொட்டு ஒழுகவில்லை. அங்கே டேங்கைக் கழற்றி முறையாக அடைத்த பிறகுதான் ஊர் திரும்பினோம். ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடுவதும் அதே வகைதான். லாரிக்காரர்களின் பழைய கைவைத்தியம், சின்ன ஒழுகலை நாலு ஊர் தாண்டும்வரை நிறுத்தும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் ஃபேனை டைரக்ட் கொடுப்பதும் நம் ஊர்ப் பட்டறைகளில் சர்வசாதாரணம். "ஹீட் ஆகுது" என்று வண்டி வந்தால் பாதிப் பேர் செய்யும் முதல் வேலையே அதுதான். டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் வண்டி ஓடும். முதல் ஓனரே பல வருஷத்துக்கு முன் செய்து மறந்திருக்கலாம், கன்சல்டிங்காரருக்கு உண்மையிலேயே தெரியாமலும் இருந்திருக்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதான காரில் இவற்றை வைத்து வழக்காடினால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

பிரேக் பைப் விஷயம் அபாயமானது, ஆனால் அதைச் செய்தது யார் என்று நிரூபிப்பது கடினம். வீல் சிலிண்டர் ஒழுகியிருக்கும். சில நூறு ரூபாய் சாமானை மாற்றாமல் பைப்பை நசுக்கி அடைத்திருக்கிறார்கள். நிதானமாக ஓட்டும்போது தெரியாது. திடீரென்று அழுத்தி நிறுத்தும்போது, அதுவும் ஈரச் சாலையில், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். அப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு ஐந்து மாதம் அப்படி ஓட்டியிருக்கிறீர்கள் என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது.

ரன்னிங் போர்டு கதை வேறு. இந்தக் கார்களுக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். ரன்னிங் போர்டு அந்த எலும்புக்கூட்டின் கீழ் எலும்பு. பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் உள்ளே இருப்பவரின் இடுப்புக்கும் அந்த வண்டிக்கும் நடுவே நிற்பது அதுதான். முறையான வேலை என்றால் துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, உள்ளே துரு தடுக்கும் மெழுகு பூச வேண்டும். இவர்கள் பேப்பரைத் திணித்திருக்கிறார்கள். எதற்கு? பட்டி நிற்பதற்கு ஏதாவது முட்டுக் கொடுக்க வேண்டுமே, அதற்கு. அதன் மேல் தேய்த்து, கார் நிறத்திலேயே பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. இப்படிச் செய்தவனுக்கு உள்ளே தகடு இல்லை என்று கட்டாயம் தெரியும். இது கார் ஓடுவதற்காகச் செய்த வேலை இல்லை, விலை போவதற்காகச் செய்த வேலை.

1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு இந்த வித்தியாசத்தை அழகாகப் பிரிக்கிறது. விற்பவர் ஒரு குறையைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. ஆனால் தெரிந்த ஒன்றைத் தெரியாதபடி முனைந்து மறைப்பது மோசடி. பட்டியும் பெயின்ட்டும் அந்த இரண்டாவது வகை.

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேனே"

இதை நினைத்துத் தூக்கம் போனதாக எழுதியிருக்கிறீர்கள். "உள்ளது உள்ளபடி" என்ற வாசகம் கிளட்ச் தேய்ந்திருந்தது, ஏசி சரியாகக் குளிரவில்லை என்று நீங்கள் பிறகு சண்டைக்குப் போகாமல் இருக்கத்தான். பொய்யாகச் சொன்னதற்கும் மறைத்ததற்கும் அது கேடயம் ஆகாது. "பாடி சுத்தமா இருக்கும்" என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர், கீழே பொடி எழுத்தில் "நான் எதற்கும் பொறுப்பில்லை" என்று சேர்த்துவிட்டால் முதலில் சொன்னது இல்லாமல் போய்விடாது.

"ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அந்த எச்சரிக்கை சாதாரணமாகப் பார்த்தால் தெரியக்கூடிய குறைகளுக்குத்தான். பெயின்ட்டுக்கு உள்ளே பட்டி, பட்டிக்கு உள்ளே பேப்பர் என்பதை உங்கள் சித்தப்பா மகன் ஒரு ரவுண்டு ஓட்டிக் கண்டுபிடித்திருக்க முடியாது. பாவம், அவரைத் திட்டாதீர்கள். காந்தம் கொண்டுபோயிருந்தால் தெரிந்திருக்கும். தகட்டில் ஒட்டும், கனமான பட்டியில் நழுவி விழும்.

எஃப்.சி. பற்றியும் ஒரு தவறான எண்ணம் உங்களுக்கு இருக்கிறது. "எஃப்.சி. இருக்கிற கார் எப்படி இப்படி இருக்கும்?" என்று கேட்கிறீர்கள். சொந்த உபயோகக் காருக்குப் புதிதாகப் பதியும்போதே 15 வருஷத்துக்குச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் காரை 2012-க்குப் பிறகு எந்த ஆர்.டி.ஓ.வும் தகுதி பார்க்கக் கூப்பிட்டிருக்க மாட்டார். 2027-இல் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் முதல் சோதனை. கன்சல்டிங்காரர் சொன்னது பொய் இல்லை, அர்த்தம் இல்லாத உண்மை.

"நான் வெறும் இடைத்தரகர்"

எதிர்த்தரப்பு இதைத்தான் பிடித்துத் தொங்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு தனிமனிதர் தன் சொந்தக் காரை உங்களுக்கு விற்றிருந்தால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது. அவர் வியாபாரி இல்லை. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதனால்தான் கன்சல்டிங்காரர்கள் மாட்டிக்கொண்டதும் தரகர் ஆகிவிடுகிறார்கள். ஆனால் விலை பேசியது யார், பணம் யார் கணக்குக்குப் போனது, டெலிவரி நோட் யார் லெட்டர்ஹெட்டில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் மூன்றும் அவர்தான். கமிஷனுக்கு நிற்கும் தரகர் வண்டியின் விலையைத் தன் கணக்கில் வாங்க மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஓனர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததை முறைப்படி தெரிவிக்க வேண்டும். அந்த நாளிலிருந்து வண்டிக்கு டீலர்தான் பொறுப்பு. பெயின்டிங், பராமரிப்பு, வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்டுவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே அதை ரோட்டில் எடுக்கலாம், அந்தப் பயணங்களையும் பதிவேட்டில் எழுத வேண்டும். உங்கள் ஆள் அங்கீகாரம் வாங்கியவர் என்றால் அந்தப் பதிவேட்டைக் கேட்கலாம், கார் டிங்கரிங் பட்டறைக்குப் போன நாள் அதில் இருக்க வேண்டும். அங்கீகாரமே இல்லாமல் போர்டு மாட்டியிருக்கிறார் என்றால் அதை நுகர்வோர் ஆணையத்தில் அவரே விளக்கட்டும்.

பழைய ஓனரை எதிரியாக நினைத்துப் பேசப் போகாதீர்கள். ஆர்.சி.யில் முகவரி இருக்கிறது. மரியாதையாகப் போய்ப் பார்த்து, காரை எந்தத் தேதியில் கொடுத்தார், கொடுக்கும்போது ரன்னிங் போர்டு எப்படி இருந்தது, எவ்வளவுக்குக் கொடுத்தார் என்று கேளுங்கள். "அடியில் துரு இருக்கு, அதனாலதான் விலை குறைச்சுக் கொடுத்தேன்" என்று அவர் சொன்னால், எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

வண்டியைத் தொடுவதற்கு முன்

மெக்கானிக் நல்ல மனிதராகத் தெரிகிறார், நாளைக்கே வெட்டி வெல்டிங் அடிக்கத் தயாராக இருப்பார். வேண்டாம். நம்மிடம் வரும் இந்த மாதிரி வழக்குகளில் பாதி, சரிசெய்த பிறகு வருகிறது. கையில் பில் இருக்கும், குறை இருக்காது.

முதலில் ரன்னிங் போர்டை ஜாக்கி போன ஓட்டையோடு, நம்பர் பிளேட்டும் தெரியும்படி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். உதிர்ந்த பட்டி, பேப்பர் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதி, பார்த்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். உள்ளே மிச்சம் இருப்பதை உருவ வேண்டாம், ஆணையம் அனுப்பும் நிபுணர் தன் கையால் எடுக்கட்டும். பிறகு அந்த கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ உரிமம் பெற்ற இன்சூரன்ஸ் சர்வேயரிடமோ காட்டி, குறைகளை எழுத்தில் வாங்குங்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் பழைய சர்வீஸ் விவரமும் கிடைக்கலாம். ஆர்.சி. ஓனர் கூட வந்தால் சுலபம்.

வாட்ஸ்அப்பில் எதையும் அழிக்காதீர்கள், போனையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயாரிப்பார். கன்சல்டிங்காரர் இனி போன் செய்து, "வண்டியை அனுப்புங்க மேடம், நம்ம பட்டறையிலேயே சரிபண்ணித் தர்றேன்" என்று இனிமையாகப் பேசலாம். எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டியோடு ஆதாரமும் போய்விடும்.

அதோடு, காரை நிறுத்திவைக்க வேண்டும். இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, அப்பாவுக்காக வாங்கிய கார். ஆனால் குறை தெரிந்த பிறகும் தொடர்ந்து ஓட்டினால் "தெரிந்தும் ஏற்றுக்கொண்டார்" என்று வாதாடுவார்கள், விற்பனையை ரத்து செய்யக் கேட்கும் உரிமை பலவீனமாகும். ஆபத்தான குறை என்று தெரிந்தே பொது இடத்தில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவில் குற்றமும்கூட. அபராதம் 1,500 ரூபாய் வரைதான், ஆனால் அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது அடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை. ஆஸ்பத்திரிக்குச் சில மாதம் வாடகைக் கார் எடுங்கள். பில் வாங்கி வையுங்கள், அதையும் நஷ்டத்தில் கேட்கலாம்.

ஆர்.சி.யை மாற்றாமல் வைத்திருப்பது திருப்பிக் கொடுக்க வசதி என்று நினைக்கிறீர்கள். பாதி சரி. மறுபாதி என்னவென்றால், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். விபத்து நடந்தால் பதிவேட்டில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதாவது உங்கள் கையில் நடக்கும் விபத்துக்கு அந்தப் பழைய ஓனர் மாட்டுவார். இன்சூரன்ஸும் அப்படித்தான். அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதி வண்டியோடு வரும், உங்கள் கார் சேதத்துக்கான பகுதி உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளாமல் வராது. துருவுக்கும் தேய்மானத்துக்கும் எந்தப் பாலிசியும் பணம் தராது என்பதால், "இன்சூரன்ஸில் கிளெய்ம் போடலாமா" என்ற உங்கள் கேள்விக்கு இங்கேயே பதில் முடிகிறது. கார் ஓடாமல் நிற்கும்வரை பெயர் மாற்றம் காத்திருக்கலாம். ஓட்டப் போகிறீர்கள் என்றால் முதல் வேலை அதுதான்.

எந்த வழி?

உங்கள் கணவர் சொன்ன யோசனையை முதலில் முடித்துவிடுவோம். நேற்றுவரை உங்களுக்குத் தெரியாது, இன்று தெரியும். தெரிந்துகொண்டு மேலே இன்னொரு கோட் பட்டி அடித்து விற்றால், இந்தக் கடிதத்தில் கன்சல்டிங்காரர் நிற்கும் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள், அடுத்த டீச்சர் எனக்கு எழுதுவார். உள்ளதைச் சொல்லி, எழுதிக் கொடுத்து, அதற்கேற்ற விலைக்கு விற்பது வேறு. அதில் தப்பே இல்லை. இப்போதைய நிலையில் உடைக்கப் போடும் விலைதான் கிடைக்கும்.

போலீசுக்குப் போகலாம். ஏமாற்றுதல், பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு. ஆனால் நடப்பு என்ன என்று உங்களுக்கும் தெரியும். புகார் வாங்கியதற்கு சி.எஸ்.ஆர். ரசீது போட்டு, இரண்டு பேரையும் கூப்பிட்டு, "சிவில் மேட்டர், பேசி முடிங்க" என்பார்கள். அந்த மேசையில் 30,000-க்கு முடித்துவிடு என்று அழுத்தம் வரும். பணத்தைத் திரும்ப வாங்கும் இடம் அது இல்லை. முதல் படியாக நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எனக்குச் சரியாகப் படுவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், அவர் திருச்சியில் கடை வைத்திருந்தாலும் திருச்சிக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை என்றாலும் இதில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கெடு இரண்டு வருஷம். வாங்கிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், பாதுகாப்பு. எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், மேலே 15 நாள், அதற்குப் பிறகு ஒரு நாளும் கிடையாது என்று 2020-இல் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பொருளைச் சோதிக்க வேண்டிய வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. நீங்கள் ஒன்றரை, இரண்டு வருஷம் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு தொழில் நுணுக்கம். கோபத்தில் மனு முழுக்க "மோசடி, மோசடி" என்று எழுதத் தோன்றும். மோசடி போன்ற கிரிமினல் தன்மையுள்ள, கடுமையாக மறுக்கப்படும் விஷயங்களை நுகர்வோர் ஆணையம் தீர்க்க முடியாது என்று 2023-இல் ஒரு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைக் காட்டி "சிவில் கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிடும் அபாயம் உண்டு. எனவே மனுவில் அழுத்த வேண்டியது மூன்று: "பாடி சுத்தம்" என்று தவறாகச் சொல்லி விற்றார், பொருளில் குறை இருக்கிறது, 60,000-க்கு ரசீது தரவில்லை. ரசீது தராததே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. அன்று வங்கியிலிருந்து 60,000 எடுத்தீர்களா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அந்தப் பணம் கைக்கு வராமலே போகலாம், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

வழக்குக்கு முன் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். காரை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் சரிசெய்யும் செலவைக் கொடு என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். கன்சல்டிங்காரரை முதல் எதிர்மனுதாரராகவும், ஆர்.சி. ஓனரைப் பெயருக்கு இரண்டாவதாகவும் சேர்க்க வேண்டும். ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நல்ல சாட்சி கோபக்காரர் ஆகிவிடுவார். நோட்டீஸில் பேப்பர் தேதியைக் குறிப்பிட வேண்டாம், "ஆதாரங்கள் உள்ளன" என்றால் போதும். பதிலில் அவர் "காரை மாசியிலேயே வாங்கிவிட்டேன், அப்போதே இப்படித்தான் இருந்தது" என்று தானாக எழுதினால், பங்குனிப் பேப்பர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சமரசத்துக்கு வருவார் என்றே நினைக்கிறேன், போர்டு வைத்திருப்பவருக்குக் கேஸ் நம்பர் பிடிக்காது. ஐந்து மாதம் ஓட்டியதற்கு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறேன் என்றால் மறுக்காதீர்கள். 2,40,000 போல வந்தால் உங்கள் இடத்தில் நான் வாங்கிக்கொள்வேன். பணம் வங்கியில் ஏறிய பிறகு, ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.

செலவை மட்டும் வாங்கிக்கொண்டு காரை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு பக்கமும் தகடு மாற்றி முறையாக வெல்டிங் செய்தால் கார் ஓடும். ஆனால் ரன்னிங் போர்டு இந்த அளவுக்குத் துருப்பிடித்திருந்தால் தரைத் தகடும் பின் வீல் வளைவும் எப்படி இருக்கின்றன என்று கால்மிதி மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். மெக்கானிக்கின் 80,000 அங்கே 1,30,000 ஆகலாம்.

ஒரே ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. ஜாக்கி வைத்த அந்தப் பஞ்சர் கடைத் தம்பியின் பெயரும் போன் நம்பரும் குறித்து வைத்திருக்கிறீர்களா? முதலில் பார்த்தவர் அவர்தான். இந்த வாரமே ஒரு நடை போய்வாருங்கள், பேப்பரையும் அப்படியே கேட்டுப் பாருங்கள்.